வலது கை – சாரிடம்

ஆரப்பாளையத்தில் பாக்கியம் குடியிருக்கும் சந்தில் போய், அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். "மெடிக்கல் காலேஜ்ல" என்பார்கள். காலேஜில் எந்த இடத்தில் என்று கேட்டால் எல்லோருக்கும் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்த நினைவு வந்துவிடும். அவள் கொடுக்கிற கிறிஸ்துமஸ் பலகாரத்தை வாங்கிக்கொள்வார்கள். ஆனால் உள்ளே போனதும் யார் சாப்பிடுகிறார்கள், யார் மாட்டுக்கு வைக்கிறார்கள் என்பது பாக்கியத்துக்குத் தெரியும். தெரிந்தும் வருஷா வருஷம் கொடுப்பாள். மாடாவது நல்ல அதிரசம் தின்னட்டும் என்பது அவள் கணக்கு.

அவள் வேலை பார்ப்பது கீழக்குயில்குடிப் பக்கம் இருக்கிற ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில். அங்கே அனாடமி ஹால் என்று ஒன்று உண்டு. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் மனித உடம்பை அறுத்துப் படிக்கிற இடம். ஜன்னலுக்கு வெளியே சமணர் மலை தெரியும். மலையில் சமணர்கள் படுத்த கல் படுக்கைகள், ஹாலுக்குள்ளே பன்னிரண்டு ஸ்டீல் மேஜைகள். அந்த மேஜைகளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயரும் சமணர் படுக்கைதான். மேஜையில் கிடப்பவர்களைக் கழுவுவது, மருந்து ஏற்றுவது, துணி போர்த்துவது, பாடம் முடிந்ததும் மூடி வைப்பது எல்லாம் பாக்கியம்.

கூட்டிப் பெருக்கத்தான் முதலில் சேர்ந்தாள். புருஷன் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பிள்ளை கிடையாது. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த தம்பி ஸ்டீபன் மட்டும் இவள் பொறுப்பு. ஹாலில் இருந்த ஆள் ஒருநாள் குடித்துவிட்டு வந்து, உடம்பின் மேலேயே டிபன் பாக்ஸை வைத்துச் சாப்பிட்டான். பாக்கியம் விளக்குமாற்றின் அடிக்கட்டையால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவன் வேலையை விட்டுப் போனான். அடிக்கத் தெரிந்தவளுக்குப் பார்க்கவும் தெரியும் என்று அப்போதிருந்த துறைத் தலைவர் அவளையே அந்த இடத்தில் போட்டார். இதெல்லாம் பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய சங்கதி.

காலையில் ஹாலைத் திறந்ததும், "தோத்திரம், எல்லாருக்கும்" என்பாள். சபையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சொல்கிற அதே வணக்கம். படுத்திருப்பவர்களில் இந்து உண்டு, முஸ்லிம் உண்டு, சாமியே இல்லை என்று எழுதிவைத்துவிட்டு வந்தவர்களும் உண்டு. ஒருவரும் இதுவரை ஆட்சேபித்ததில்லை.

அவளிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. ஒவ்வொரு மேஜைக்கும் கீழே மூடி போட்ட நீல வாளி ஒன்று இருக்கும். மேஜை எண்தான் வாளிக்கும் எண். அறுக்கும்போது விழுகிற தோல், கொழுப்பு, நகத்துணுக்கு எதுவானாலும் அந்த மேஜைக்காரருடைய வாளிக்குத்தான் போக வேண்டும். ஏழாம் மேஜைத் துண்டை எட்டாம் வாளியில் போட்ட ஒரு பணக்காரவீட்டுப் பிள்ளையை, கையுறையோடு உட்காரவைத்துத் தேட விட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே தேடி எடுத்தது. "ஒரு ஆளோடது அந்த ஆளுக்குத்தான் போகணும். நாளைக்கு நீ வைத்தியம் பாக்கையில ஒருத்தர் கிட்னிய இன்னொருத்தருக்குன்னு எழுதிருவியா?" என்று கேட்டாள். பாடம் எல்லாம் முடிந்த பிறகு வாளியும் உடம்பும் ஒரே பெட்டியில் போகும். கேட்ட குடும்பத்துக்கு வீட்டுக்கே போகும்.

ஐந்தாம் மேஜையில் இரண்டு வருஷமாக இருந்தவர் ராமமூர்த்தி வாத்தியார். சௌராஷ்டிரக் குடும்பம், கணக்கு வாத்தியார். உடலைத் தானம் செய்கிற படிவத்தில் காலியாக இருந்த இடத்தில் தன் கைப்படவே எழுதியிருந்தார்: "படிப்பு முடிந்தபின் என் உடலின் எந்தப் பகுதியையும் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது. முழுவதும் என் மனைவியிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்." எந்தப் பகுதியையும் என்பதன் கீழே இரண்டு கோடு. விடையின் கீழே வாத்தியார்கள் போடுவார்களே, அந்தக் கோடு.

அவர் உடல் வந்த வாரம் பாக்கியம் விடுப்பில் இருந்தாள். ஸ்டீபனுக்கு அப்போது கப்பலூரில் ஒரு பட்டறையில் பிரஸ் மிஷின் வேலை. மிஷின் அவன் வலது கையில் மூன்று விரலை வாங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர் ஒருத்தர் ஆறு மணி நேரம் போராடி ஒரு விரலைத் தைத்தார். அதுவும் மடங்காத விரலாக நின்றது. இந்தத் துயரத்தோடு அவள் வேலைக்குத் திரும்பியபோது ஐந்தாம் மேஜைக்காரருக்கு வலது மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"கை எங்க சார்?" என்று துறைத் தலைவர் இம்மானுவேலிடம் கேட்டாள்.

"என் ரூம்ல தனியா பதப்படுத்தியிருக்கேன், பாக்கியம். முடியும்போது வந்துரும்."

சரி என்று ஐந்தாம் வாளியின் மூடியில் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, "வலது கை – சாரிடம்" என்று எழுதினாள். இம்மானுவேலை அவள் சந்தேகப்படவில்லை. அவர் அவளுடைய சபைப் பிள்ளை. ஞாயிறு பள்ளியில் மூக்கொழுக உட்கார்ந்திருந்த காலத்திலிருந்து தெரியும். சபையில் பார்த்தால் அவர் இவளை "அக்கா" என்பார், இவள் "தம்பி" என்பாள். கல்லூரிக் கேட்டுக்குள் நுழைந்ததும் அவர் வாயில் அக்கா உதிர்ந்துவிடும், இவள் வாயில் தம்பி சாராகிவிடும். இருவருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அடுத்த மாதம் வாத்தியாரின் மனைவி அலர்மேல்மங்கை ஹால் வாசலில் வந்து நின்றார். உள்ளே விட முடியாது. அவரும் உள்ளே வரக் கேட்கவில்லை. "நல்லா இருக்காரா?" என்றார். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்காரும்மா. தினமும் நான்தான் பாக்குறேன்" என்றாள் பாக்கியம். "முடிஞ்சதும் முழுசா உங்க கையில குடுக்க வேண்டியது என் பொறுப்பு. நகம் ஒண்ணு குறையாது."

இரண்டு வருஷம் ஓடிற்று. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று குடும்பத்துக்குச் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை பாக்கியம் பெட்டியில் எல்லாவற்றையும் அடுக்கினாள். வாளி மூடியில் பிளாஸ்திரி மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இம்மானுவேலின் அறைக்குப் போனாள்.

"சார், கை வேணும். பெட்டி கட்டணும்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பரீட்சையில் முதல் மார்க் வாங்கி வந்த நாளில் சபை முற்றத்தில் அவரை அப்படிப் பார்த்திருக்கிறாள். "நீங்க பாக்கணும், பாக்கியம்" என்று ஒரு ஸ்டீல் தட்டை எடுத்து வைத்து, துணியை விலக்கினார்.

பாக்கியம் பதினெட்டு வருஷமாகப் பார்த்த கைகள் எல்லாம் மரத்துப்போய்ப் பழுப்பாக இருக்கும். பதப்படுத்துகிற ஃபார்மலின் அப்படித்தான் ஆக்கும். இது தூங்குகிறவர் கை. தோல் தோலாகவே இருந்தது. நகத்தடியில் இளஞ்சிவப்பு. பேனா அழுந்தி அழுந்தி நடுவிரலில் விழுந்த காய்ப்புகூட அப்படியே. இம்மானுவேல் மணிக்கட்டில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு தசைநாரைச் சாமணத்தால் மெல்ல இழுத்தார். ஆள்காட்டி விரல் மடங்கியது. விட்டார், நிமிர்ந்தது.

"தோத்திரம் வாத்தியாரே" என்று அவளை அறியாமல் வாய் சொல்லிவிட்டது. என்ன அதிசயம் இது என்றுதான் முதலில் நினைத்தாள், அதை அவள் எப்போதும் மறைத்ததில்லை.

"ஏழு வருஷம், பாக்கியம். முயல்ல ஆரம்பிச்சு, ஆட்டுல பாத்து, இந்தக் கலவையைக் கண்டுபிடிச்சேன். உலகத்துல வேற எவன்கிட்டயும் இல்லை. புதன்கிழமை வெளிநாட்டுலருந்து நாலு பேர் வாராங்க. இந்தக் கையைப் பாக்கத்தான் வாராங்க."

"சந்தோசம் சார். புதனுக்கு வேற கை செஞ்சுக்கிருங்க. இது திங்கக்கிழமை போகணும்."

"வேற கைக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்."

"அப்ப அந்தம்மாகிட்டக் கேளுங்க."

"கேட்டா தரமாட்டாங்க. ரெண்டு கோடு போட்டு எழுதிவச்சிருக்கார், நீங்களும் பாத்திருக்கீங்க. பெட்டியை ஸ்குரூ போட்டு மூடித்தானே குடுக்கறோம்? யார் திறந்து எண்ணப்போறா?"

"நான் எண்ணிட்டேன் சார்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கியது. "ஸ்டீபன் விரலை நினைச்சுப் பாருங்க. அந்தப் பையன் டாக்டர் ஏன் தடுமாறினார்? பழக ஒரு கை இல்லை. மரக்கட்டை மாதிரி இருக்கற கையில நரம்பு தைக்கப் பழக முடியுமா? கப்பலூர்ல மட்டும் வருஷத்துக்கு எத்தனை விரல் போகுது? இந்தக் கையை ஸ்டீபனுக்காகத்தான் எடுத்தேன்."

அந்த இடத்தில் பாக்கியம் கொஞ்சம் ஆடித்தான் போனாள். மடங்காத அந்த விரலால் தம்பி சோற்றைப் பிசைகிற அழகை இரண்டு வருஷமாகப் பார்க்கிறவள் அவள். பஸ்ஸில் வீடு வருகிறவரை மனசு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்தது. வாத்தியார்தான் செத்துப்போனாரே, ஒரு கைதானே, எத்தனை பேருக்கு விரல் மடங்கும் என்றுகூட நினைத்தாள். வீட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டே ஸ்டீபனிடம் சொன்னாள்.

ஸ்டீபன் சோற்றிலிருந்து கையை எடுத்தான். "எனக்காகவா? என்கிட்ட யாருக்கா கேட்டா? என் விரலையும் மிஷின் கேக்காமத்தான் எடுத்துச்சு. இப்ப அந்த வாத்தியார் கையையும் கேக்காம எடுத்துட்டு, பழிய என் தலையில போடுறாரா? உனக்குத் தெரிஞ்சத நீ செய்யி. என் பேரச் சொல்லி மட்டும் செய்யக்கூடாது."

சனிக்கிழமை மறுபடியும் போய்க் கேட்டாள். இம்மானுவேல் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். போன் போட்டாள், எடுக்கவில்லை. அலுவலகத்தில் சொன்னாள். "சார் சொன்னபடி பெட்டியை மூடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். பாக்கியத்துக்கு அப்போது வந்தது அசல் மதுரைக் கோபம். அலர்மேல்மங்கையிடம் நேரே போய்ச் சொல்லிவிடலாம்தான். ஆனால் புருஷனை முழுசாக வாங்கிப்போக வருகிறவளிடம், கை திருட்டுப் போயிற்று என்று சொல்வதா? இம்மானுவேல் திருடி வைத்திருப்பதை அவரேதான் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று தீர்மானித்தாள்.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம். பிறந்தநாள், வேலை, சுகம் என்று எதற்காவது நன்றி சொல்ல நினைப்பவர்கள் ஒரு கவரில் காணிக்கை போட்டு, காரணத்தையும் எழுதிக் கொடுப்பார்கள். ஜெபிக்கக் கேட்பவர்களும் அதே கவர்தான். ஆராதனை நடுவே போதகர் ஒவ்வொன்றாக வாசிப்பார், ஒவ்வொன்றின் முடிவிலும் சபை ஆமென் சொல்லும். நாற்பது, ஐம்பது கவர் வரும். வயதான போதகர், முன்கூட்டி ஒன்றையும் பார்க்கமாட்டார். எடுப்பார், ஒரே ராகத்தில் வாசிப்பார், கீழே வைப்பார். இந்த வழக்கத்தால் ஏற்கெனவே ஒரு ரகசியக் கல்யாணமும் ஒரு சொத்துத் தகராறும் வெளியே வந்திருக்கின்றன. அப்படியும் சபையார் யாரும் பாடம் கற்றதாகத் தெரியவில்லை.

அந்த ஞாயிறு, இம்மானுவேல் முதல் வரிசையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கவரைப் போதகர் வாசித்தார்: "புதிய கண்டுபிடிப்பில் கர்த்தர் தந்த வெற்றிக்காக டாக்டர் இம்மானுவேல் குடும்பத்தார் செலுத்தும் ஸ்தோத்திரக் காணிக்கை." ஆமென் என்றது சபை. திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஒரு பிறந்தநாள், ஒரு விசா, ஒரு மூட்டுவலி போயின. பிறகு போதகர் இன்னொரு கவரை எடுத்து அதே ராகத்தில் வாசித்தார்:

"படிப்புக்காகத் தன் சரீரத்தைக் கொடுத்த ஒரு வாத்தியாருடைய வலது கை, டாக்டர் இம்மானுவேல் அறையிலிருந்து, நாளைக் காலை பத்து மணிக்குள் அவர் மனைவியிடம் போய்ச் சேரும்படியாக, பாக்கியம் ஏறெடுக்கும் ஜெப விண்ணப்பம்."

"ஆமென்" என்றது சபை. பழக்கதோஷம். நானூறு பேரும் சொல்லி முடித்த பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று யோசித்தார்கள். போதகர் கண்ணாடியைக் கழற்றிக் கவரை இன்னொருமுறை பார்த்தார். பின்வரிசையில் ஒரு ஆள் மெதுவாக, "என்ன கை?" என்றார். கல்லூரி முதல்வரின் மனைவி பாடகர் குழுவில் இருந்தாள். பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு பாக்கியத்தையே பார்த்தாள். பாக்கியம் தலையைக் குனியவில்லை.

ஆராதனை முடிந்ததும் இம்மானுவேல் வேகமாக வந்தார். "அக்கா! என் மானத்தை வாங்கிட்டீங்க. எத்தனை பேருக்கு உதவுற விஷயம் தெரியுமா?"

"தெரியும் தம்பி. அம்புட்டு நல்ல விஷயம்னா அந்தம்மாகிட்டச் சொல்ல ஏன் பயப்படுறீங்க? நல்லது செய்யப் போறவரு ரூமப் பூட்டிட்டா போவாரு?"

"இல்லைன்னு சொல்லிட்டா?"

"இல்லைன்னு சொல்லத்தான் அவங்களுக்குப் பாத்தியதை இருக்கே. அதையும் சேத்துல்ல நீங்க எடுத்துக்கிட்டீங்க."

மறுநாள் ஒன்பதரைக்கே அலர்மேல்மங்கையும் மகள் ஸ்ரீலட்சுமியும் வந்துவிட்டார்கள். பெட்டி திறந்தபடி இருந்தது. பாக்கியம் மூடியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அலுவலகத்திலிருந்து மூடச் சொல்லி ஆள் வந்தான். "இன்னும் ஒருத்தர் வரணும்" என்றாள். பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது இம்மானுவேல் தட்டோடு வந்தார். முதல்வர் ராத்திரியே அவரைப் போனில் பிடித்துக் காய்ச்சியிருந்தார். தட்டைப் பாக்கியத்திடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கட்டடத்துக்குள் அந்தச் சொல்லைச் சொன்னாள். "தம்பி, அந்தம்மா இங்கதான் நிக்கிறாங்க. கேக்கணும்னு இருந்தா இப்பக் கேளுங்க."

இம்மானுவேல் கேட்டார். நேர்மையாகவே கேட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும். முன்பே கேட்காமல் எடுத்தது தப்பு என்றார். இந்தக் கையால் என்னென்ன நடக்கும் என்று விளக்கினார். துணியை விலக்கி, தசைநாரை இழுத்து, விரலை மடக்கிக் காட்டினார்.

அலர்மேல்மங்கை அந்த விரலையே பார்த்தார். பிறகு கையை நீட்டி, தட்டிலிருந்த கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். நடுவிரல் காய்ப்பைக் கட்டைவிரலால் தடவினார். தங்கள் வீட்டுப் பாஷையில் அதனிடம் ஏதோ சொன்னார். ஸ்ரீலட்சுமிக்கு மட்டும் புரிந்தது, அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"காஞ்ச சருகு மாதிரி, எலும்பு மாதிரி இருந்திருந்தா ஒருவேளை வச்சுக்கோங்கன்னு சொல்லியிருப்பேன், டாக்டர்" என்றார் அலர்மேல்மங்கை. "இது அவர் கை. நாப்பத்தொரு வருஷம் நான் பிடிச்ச கை. இம்புட்டு உயிரோட செஞ்சு என்கிட்டக் காட்டிட்டு, விட்டுட்டுப் போன்னா எப்படிப் போவேன்? முடியாது."

இம்மானுவேலின் ஏழு வருஷ உழைப்பு அவ்வளவு அருமையாகப் பலித்திருந்தது. அந்தம்மாவே கையைப் பெட்டிக்குள், அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார். பாக்கியம் வாளி மூடியிலிருந்த பிளாஸ்திரியை உரித்து எடுத்தாள். பிறகு பெட்டிக்கு ஸ்குரூ போட்டாள்.

புதன்கிழமை வெளிநாட்டுக்காரர்கள் போட்டோவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வியாழக்கிழமை பாக்கியத்துக்கு மெமோ வந்தது. இனி அவளுக்கு அனாடமி ஹாலில் வேலை இல்லை, ஆஸ்பத்திரி லினன் அறையில் துணி எண்ண வேண்டும். கையெழுத்துப் போடும் இடத்தில், "பெற்றுக்கொண்டேன். ஒப்புக்கொள்ளவில்லை" என்று எழுதிக் கொடுத்தாள். அலுவலகத்தில் அப்படியெல்லாம் எழுதக்கூடாது என்றார்கள். எழுதியாகிவிட்டதே என்றாள்.

அடுத்த வாரம் ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் லினன் அறையிலிருந்து நேராக இம்மானுவேலின் அறைக்குப் போனாள். மேஜையில் ஒரு படிவத்தை வைத்தாள். உடல் தானப் படிவம், அவளுடையது. காலி இடத்தில் அவள் கையெழுத்தில் இருந்தது: "என் வலது கையை டாக்டர் இம்மானுவேல் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் காட்டலாம். திருப்பித் தர வேண்டாம்." வேண்டாம் என்பதன் கீழே இரண்டு கோடு. நெருங்கிய உறவினர் சம்மதம் என்ற இடத்தில் ஸ்டீபனின் கையெழுத்து, மடங்காத விரலால் போட்டது, கோணல்மாணலாகக் கட்டத்தை விட்டு வெளியே போயிருந்தது.

இம்மானுவேல் அதை இரண்டு முறை படித்தார். "எதுக்குக்கா இது?" என்றார். கல்லூரிக் கேட்டுக்கு உள்ளேதான் இருந்தார்கள் என்பது அவருக்கு நினைவில்லை.

"உங்க வேலை நல்ல வேலை தம்பி, நடக்கணும். கேட்டா குடுக்கிறதுக்கு ஆள் இருக்குன்னு உங்களுக்குத் தெரியணும்ல?" பாக்கியம் படிவத்தின் மேல் தன் வலது கையை விரித்து வைத்தாள். பதினெட்டு வருஷ மருந்தில் தோல் வெடித்து, நகம் மஞ்சளித்துப்போன கை. "நல்லாப் பாத்துக்கிருங்க. செத்த பொறகு இது உங்களுக்கு. அதுவரைக்கும், இன்னொருத்தரு கைய நீங்க கேக்காம எடுத்தா, கவர் எழுத இந்தக் கை எனக்கு வேணும்."